கொப்புளத்துக்கு மருந்து எழுதும் முன் தொண்டையைப் பாருங்கள்

தோல் மருத்துவப் பிரிவுகளை நடத்தும் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தொண்டை வலியும் காய்ச்சலும் தணிந்த பத்தாம் நாள், என் மகளின் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் ஒரே இரவில் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. முதலில் பார்த்த மருத்துவர் ஒவ்வாமை என்றார். அடுத்தவர் படை என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பு எழுதினார். மூன்றாமவர், ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றார். அவளை வாயைத் திறக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

அந்த நாள்களில் அவள் தம்ளரை இரு மணிக்கட்டுகளுக்கும் நடுவே இடுக்கித்தான் தண்ணீர் குடித்தாள். கழிப்பறைக்குப் போகக் குதிகாலை மட்டும் ஊன்றி, முழங்கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். தாங்கிப் பிடிக்க ஓடி வந்த தம்பியை, அவனுக்கும் வந்துவிடும் என்று பயந்து, கிட்டே வராதே என்று விரட்டினாள். நான்காவதாகப் பார்த்த மருத்துவர்தான் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். அங்கே எடுத்த மாதிரியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. கொப்புளத்துச் சீழில் கிருமி எதுவும் இல்லை. பிள்ளை தம்பியை விரட்டியதெல்லாம் வீண்.

தொண்டைக் கிருமியை எதிர்க்கும் உடலின் சீற்றமே கை கால்களில் சீழாக வெடிக்கக்கூடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆண்ட்ரூஸ் இதைப் பற்றி 1935-இலேயே எழுதிவிட்டார். சீழிலேயே கிருமி இருக்கும் கொப்புளங்களும் உண்டு, ஆன்டிபயாடிக் மாத்திரையே கிளப்பிவிடும் கொப்புளங்களும் உண்டு என்பதையும் அறிவேன். அதனால்தானே, காய்ச்சல் எப்போது வந்தது, மாத்திரை எப்போது தொடங்கியது, கொப்புளம் எப்போது தோன்றியது என்று வரிசையாகக் கேட்க வேண்டியிருக்கிறது? மூன்று மணி நேரம் காத்திருந்தவரிடம் மூன்று நிமிடம் பேசுவதற்குக்கூட இடமில்லாதபடி நோயாளிகளை அடுக்கி வைத்திருப்பது மருத்துவரின் குற்றம் மட்டுமல்ல, நிர்வாகத்தின் குற்றமும்தான். கூட்டம் மிகுதி என்ற பதிலை இனியும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன்: திடீரென்று சீழ்க்கொப்புளங்களோடு வருபவர் எவரானாலும், மருந்துச் சீட்டு எழுதும் முன் தொண்டையைப் பார்ப்பதையும், தொண்டையிலிருந்தும் கொப்புளத்திலிருந்தும் மாதிரி எடுப்பதையும் உங்கள் பிரிவுகளில் கட்டாயமாக்குங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று உறுதியானவர்களுக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரக அழற்சி வரக்கூடும் என்பதால், சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரவேண்டிய நாளையும் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள். என் மகளின் சீட்டுகளில் முதல் மூன்றில் தொண்டை என்ற சொல்லே இல்லை. அடுத்து வரும் பிள்ளையின் முதல் சீட்டிலேயே அது இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்