ஐந்தும் மூன்றும் எட்டு

கட்டேட்டே, ஜாம்பியா
அக்டோபர் 6

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய குரல்பதிவு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. நான் கணக்குச் சொல்லித்தரும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறைமேட்டில் ஏறினால்தான் இங்கே சிக்னல். "ரிட்டயர் ஆனவன் அங்கே போய் என்னடா செய்கிறாய், உள்ளதைச் சொல்" என்று கேட்டிருந்தாய். அது ரெண்டு வரியில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தலைநகர் லுசாகாவிலிருந்து கிழக்கே மலாவி எல்லையை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், சுமார் 500 கி.மீ. தள்ளி இருக்கிறது கட்டேட்டே. பேருந்தில் ஒரு பகல் முழுக்க ஆகும். அங்கிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் எங்கள் கிராமம். செவா மக்கள் வாழும் பகுதி, பள்ளியில் உள்ளூர் மொழி சின்யாஞ்சா. எனக்குத் தகரக் கூரை வீடு, ஒரு சோலார் விளக்கு, கொசுவலை. அக்டோபர்தான் இங்கே உச்ச வெயில். நவம்பரில் மழை இறங்கும்வரை மக்காச்சோள நிலமெல்லாம் வெறும் மண்.

தண்ணீருக்கு அடிபம்பு. முதல் நாள் பிடியைத் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. நம் தெருமுனையில் நின்றதே, அதே இந்தியா மார்க் 2! 1970களில் யூனிசெஃப் துணையோடு நம் நாட்டில் உருவான பம்பு. அதில் முதல் குடம் நிரம்பியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ன்ஷிமா என்று மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு அது புதிதா? வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலைதான் தொட்டுக்கொள்ள. சில நாள் காப்பெந்தா, நம் நெத்திலிக் கருவாடு மாதிரி பொடிமீன்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கட்டணம் கிடையாது. பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், ரொம்ப நல்ல விஷயம். ஆனால் வகுப்பறையின் அளவு அதேதான். நான் கணக்கு எடுக்கும் ஐந்தாம் வகுப்பில் 83 பேர். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். வகுப்பாசிரியைக்கு முப்பது வயதுதான் இருக்கும். காலையில் இந்த வகுப்பு, மதியம் இன்னொரு வகுப்பு. ஒருநாள்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை, மாப்ளே. கேள்வி கேட்டால் 83 தலையும் குனிந்துகொள்ளும். "புரிந்ததா?" என்றால் ஒரே குரலாக "யெஸ் சார்". நோட்டைத் திருத்தினால் ஒன்றுமே போய்ச் சேரவில்லை என்று தெரியும். மெதுவாகச் சொன்னேன், உரக்கச் சொன்னேன், படம் போட்டேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு அது தாங்க முடியாத வேதனை.

டீச்சரிடமே போய்க் கேட்டேன். பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்ப்பது இங்கே மரியாதை இல்லை, புரியவில்லை என்று சொன்னால் வாத்தியாரைக் குறை சொன்னதாகிவிடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார். அப்புறம் சொன்னதுதான் முக்கியம். இவர்கள் நான்காம் வகுப்பு வரை சின்யாஞ்சாவில் படித்தவர்கள். ஐந்தாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் பாடமெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. "இவர்களுக்கு எண்ணத் தெரியும் சார். நீங்கள் பேசும் மொழியில்தான் தெரியாது."

பி.எஸ்சி. முதல் வருஷம் ஆங்கிலத்தில் கால்குலஸ் தொடங்கிய அன்று, தமிழ் மீடியத்திலிருந்து போன நாம் ரெண்டு பேரும் கடைசி பெஞ்சில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தோமே, அது அன்று ராத்திரி முழுக்க என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்குப் பதினேழு வயது. இவர்களுக்குப் பத்து.

மறுநாளிலிருந்து டீச்சர் எனக்குச் சின்யாஞ்சா எண்கள் சொல்லித்தருகிறார். இதைக் கேட்டால் நீ துள்ளுவாய். ஐந்து வரைக்கும்தான் தனித்தனிப் பெயர். ஐந்துக்கு 'சானு', பத்துக்கு 'குமி'. ஆறு என்றால் 'ஐந்தும் ஒன்றும்', எட்டு என்றால் 'ஐந்தும் மூன்றும்', பத்தொன்பது என்றால் 'பத்தும் ஐந்தும் நான்கும்'. ஒரு கை விரல்கள் அப்படியே சொல்லாகி நிற்கின்றன. எண்ணப்படும் பொருளுக்கு ஏற்ப எண்ணின் முன்னொட்டும் மாறும். மனிதர் இரண்டுக்கு 'அவிரி', மரம் இரண்டுக்கு 'இவிரி'. நாம் ஆட்களை இருவர் என்றும் மரத்தை இரண்டு என்றும் சொல்கிறோமே, அந்தச் சுவைதான்.

போன வாரம் பலகையில் 8 + 7 எழுதி, எட்டையும் ஏழையும் அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஐந்தும் மூன்றும், ஐந்தும் இரண்டும். சொல்லிலேயே பாதிக் கணக்கு அவிழ்ந்து கிடக்கிறது. ஐந்தும் ஐந்தும் பத்து, மூன்றும் இரண்டும் ஐந்து. பின் வரிசையில் வாயே திறக்காத ஒரு சிறுமி எழுந்து, ரெண்டு கையையும் விரித்து, "குமி ந்தி ஸிசானு" என்றாள். பத்தும் ஐந்தும். அப்புறம் அவளாகவே, மெல்ல, "ஃபிஃப்டீன்". டீச்சர் கைதட்டினார், வகுப்பே தட்டியது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வருஷத்தில் நான் கிளம்பிவிடுவேன், அதற்குப் பிறகு என்ன என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால் தனியாகப் பாடம் எடுப்பதை விட்டுவிட்டேன். டீச்சரும் நானும் சேர்ந்தே நிற்கிறோம். மக்காச்சோள மணிகளை ஐந்தைந்தாகக் குவித்துக் கழித்தல் சொல்லித்தருவது அவருடைய யோசனை. அதற்கு அடுத்தபடி பின்னத்துக்கு எப்படிப் போகலாம் என்று மாலையில் பேசுகிறோம். 24ஆம் தேதி ஜாம்பியாவின் சுதந்திர தினம் என்பதால் இப்போது மைதானம் முழுக்கப் பாட்டு ஒத்திகை.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். இங்கே மாமரத்தடியில் தாத்தாக்கள் மண்ணில் நான்கு வரிசைக் குழி தோண்டி, விதைகளை வைத்து ந்சோலோ ஆடுகிறார்கள். பார்த்ததும் உங்கள் வீட்டுத் திண்ணையும் உன் அம்மாவின் பல்லாங்குழியும்தான் கண்ணில் வந்தன. நம்முடையது ரெண்டு வரிசை, ஏழேழு குழி. நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கலாம், அதுவரை நினைவிருக்கிறது. முதல் சுற்றில் தோற்றவர் அடுத்த சுற்றை எப்படித் தொடங்குவார் என்பது மறந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டு விவரமாக எழுது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். காய்க்கு மக்காச்சோள மணி நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்