அந்தப் பொன்னாடையைத் திரும்பப் பெறுங்கள்

நம் டெக்சஸ் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளி விழா மேடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால், நவராத்திரி ஏழாம் நாள் மாலையில் அந்த அண்ணன் வீட்டு வாசலில் நடந்ததும் தெரியும். "திருட வந்தவனைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டிய துணிச்சல்" என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். செய்திமடலில் படத்தோடு போட்டீர்கள். அந்தப் பாராட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். தனியாக இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். "பார்க்கிறோம் அக்கா" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று வந்தவன் என் கடைப் பையன். வயது 17. வார இறுதிகளில் என் சமையல்கூடத்திலிருந்து டெலிவரிக்குப் போவான். அவன் கையில் இருந்தவை இரண்டு அலுமினியத் தட்டுகள்: ஒன்றில் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒன்றில் புளியோதரை. கொலு வைத்திருந்த வீட்டுக்குப் போக வேண்டியவன். ஒரே பெயரில் 'டிரைவ்' என்று ஒரு தெருவும் 'கோர்ட்' என்று ஒரு தெருவும் இருப்பதால் தெரு மாறிப் போய்விட்டான். மணியை அடித்திருக்கிறான், யாரும் திறக்கவில்லை. நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் கராஜ் பக்கமாக வரச் சொல்வது வழக்கம், அது அவனுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் பக்கவாட்டில் நடந்தான். அங்கேதான் அண்ணன் வெளியே வந்து, இடுப்பிலிருந்து எடுத்து, அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

பையன் தட்டுகளைக் கீழே போடவில்லை. சத்தம் கேட்டுச் சுட்டுவிடுவாரோ என்ற பயத்தில், முழங்காலை மடக்கி, ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினானாம். கடைக்குத் திரும்பி வந்து என்னிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, "சாரி மேம், சாப்பாடு அங்கேயே இருக்கிறது" என்பதுதான். அதற்கு மேல் பேச முடியாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க அவனுக்குக் கை நிற்கவில்லை. மறுநாள் அவன் அம்மா வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "என் பிள்ளை இனிமேல் யார் வீட்டு மணியையும் அடிக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார். இப்போது அவன் உள்ளே பொட்டலம் கட்டும் வேலைதான் பார்க்கிறான். டிப்ஸ் போயிற்று. கல்லூரிக்குச் சேர்த்துக்கொண்டிருந்த காசு அது. பின்கதவு படாரென்று சாத்தினால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

இவனைத்தான் நீங்கள் மேடையில் திருடன் என்றீர்கள்.

என்னைத் துப்பாக்கிக்கு எதிரி என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2017-லிருந்து கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல டெக்சஸ் உரிமம் வைத்திருக்கிறேன். தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன். சுடிதாருக்கு பெல்ட் கிடையாது என்பதால் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையில், விசைப் பகுதி முழுக்க மூடிய உறையில் வைக்கிறேன். தபால் நிலையத்துக்குப் போனாலும், பிள்ளையின் பள்ளிக்குப் போனாலும், உரிமம் உள்ளவரும் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரக் கூடாது என்ற 30.06 பலகை மாட்டிய கட்டடத்துக்குப் போனாலும் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். காலையில் அதைக் கட்டிக்கொள்ளும்போதே, இன்று யாரோடும் வாக்குவாதத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிக்கொள்வேன். உடம்பில் துப்பாக்கி இருக்கிறவர்தான் முதலில் விலகிப்போக வேண்டும்.

2019-ல் ஒரு இரவு, கடையை மூடும் நேரத்தில் ஒருவன் கத்தியோடு கல்லாப்பெட்டிக்கு வந்தான். துப்பட்டாவுக்குள் கை போய் பிடியைத் தொட்டது. "நில்" என்று கத்தினேன். என் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான். நான் துப்பாக்கியை வெளியே எடுக்கவே இல்லை. 911-ஐ அழைத்தேன், போலீஸ் வரும்வரை கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். அப்புறம் நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. ஒருவனைக் கொன்றிருப்பேனோ என்ற நினைப்பு பொன்னாடைக்கு உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

விழாவில் பேசிய துப்பாக்கிப் பயிற்சியாளர், அமெரிக்காவில் ஆண்டுக்கு 25 லட்சம் முறை மக்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள் என்றார், நம் அண்ணனும் அந்தக் கணக்கில் ஒருவர் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அந்த எண் எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் சுமார் 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டு 1995-ல் வெளியிட்ட கணக்கு அது. கடந்த ஓராண்டில் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டேன் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடச் சற்றே அதிகம். அதை நாடு முழுவதற்கும் பெருக்கினால் 25 லட்சம். மத்திய அரசின் குற்றப் பாதிப்பு ஆய்வோ, உங்களுக்கு எதிராகக் குற்றம் நடந்ததா என்று முதலில் கேட்டுவிட்டு, ஆமாம் என்றவர்களிடம் மட்டும் அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 60,000, 70,000 என்ற அளவில்தான் வருகிறது. 2021-ல் வில்லியம் இங்கிலிஷ் என்பவர் எடுத்த ஆய்வு சுமார் 16.7 லட்சம் என்றது, அவற்றில் பத்துக்கு எட்டுக்கு மேல் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை என்றும் சொன்னது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) 60,000 முதல் 25 லட்சம் வரை என்று தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த வரியை 2022-ல் எடுத்தேவிட்டது.

எண் எதுவாகவும் இருக்கட்டும். சுடாமல் காட்டியதும் தற்காப்பாக இருக்கலாம், என் கதையே அதுதானே. என் ஆதங்கம் வேறு. இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் பதில் சொல்கிறவர் துப்பாக்கி வைத்திருந்தவர். நாளைக்கு யாராவது அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டால், ஆமாம், தற்காத்துக்கொண்டேன் என்று மனசாரச் சொல்வார். தரையில் தட்டை வைத்துவிட்டுக் கைதூக்கி நின்றவனை யாரும் கேட்கப்போவதில்லை. ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வேயும் டெபோரா அஸ்ரேலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தற்காப்பு என்று மக்கள் தாங்களே விவரித்த சம்பவங்களை ஐந்து குற்றவியல் நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். சொன்னவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு பார்த்தும், பெரும்பாலானவை சட்டவிரோதமாகவே இருக்கும் என்றார்கள் நீதிபதிகள்.

நம் மாநிலச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. திருப்பித் தாக்க நியாயம் இருக்கும் இடத்தில்தான் ஆயுதத்தைக் காட்டி அச்சுறுத்தவும் நியாயம் உண்டு. நியாயமில்லாமல் ஒருவரை நோக்கித் தெரிந்தே துப்பாக்கியை நீட்டினால், அதில் குண்டு இருப்பதாக நினைத்தாலும் இல்லையென்று நினைத்தாலும், பொறுப்பற்ற ஆபத்தான செயல் என்றே தண்டனைச் சட்டத்தின் 22.05 பிரிவு எடுத்துக்கொள்கிறது. உரிம வகுப்பில் 50 குண்டுகள் சுடச் சொல்வதோடு, சண்டையை ஆயுதமில்லாமல் தீர்ப்பது எப்படி என்றும் கட்டாயம் கற்றுத்தர வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்களுக்கு அந்த உரிமமே தேவையில்லை என்று ஆகிவிட்டது. அப்படியிருக்க, இதைக் கற்றுத்தரும் பொறுப்பு நம்மைப் போன்ற அமைப்புகளுக்குக் கூடுகிறது.

சங்கத்தின் பேரில் நீங்கள் நடத்திய துப்பாக்கி வகுப்பில் என்ன கற்றுத்தந்தீர்கள்? வந்தவர்களில் பாதிப் பேர் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாக்காரர்கள். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். ஒரு வார்த்தை சொன்னீர்களா? நிரந்தரமாக இங்கே தங்கப் பச்சை அட்டைக்காகப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

1992-ல் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜில், விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் வீடு மாறி மணியடித்துச் சுடப்பட்டு இறந்தான். 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையனுக்கும் தெரு மாறியது. அவன் தலையில் சுடப்பட்டும் பிழைத்தான். நம் பையனுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது அண்ணனின் ஒரு விரல். அந்த விரல் அன்று அசையவில்லை என்பதற்கு நானும் தினமும் கும்பிடுகிறேன். அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். பயந்ததைப் பயந்தேன் என்று சொல்ல விடாமல் அவரை மேடையேற்றியது நீங்கள்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பாராட்டைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த செய்திமடலில், வந்தவன் திருடன் அல்ல, சாப்பாடு கொண்டுவந்த பையன் என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இனி வகுப்பு நடத்தினால், எப்போது எடுக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

தட்டுகளுக்கான காசை அண்ணன் கொடுத்தனுப்பினார். நான் வாங்கவில்லை. வரும் ஞாயிறு செயற்குழுக் கூட்டத்துக்குப் பையனும் அவன் அம்மாவும் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். தயவுசெய்து பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். அண்ணனையும் வரச் சொல்லுங்கள், வெறுங்கையோடு.

இப்படிக்கு,
11 வருடமாகச் சங்க விழாக்களுக்குச் சமைத்துத் தரும் உங்கள் உறுப்பினர்