பெசலெயேலுக்குக் கொடுக்கப்பட்டது: மகளுக்கு ஒரு கடிதம்

குன்னூர்

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அப்பா எழுதிக்கொள்வது. "அண்ணன் ஊழியம் செய்கிறான், நான் சம்பளத்துக்காகக் கணினியில் இயந்திரப் பாகங்களை வரைந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். வீட்டு விசேஷங்களை அம்மா போனில் சொல்லுவாள்.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற முதல் மனிதன் ஆசாரியனுமல்ல, தீர்க்கதரிசியுமல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல்லை வெட்டிப் பதிக்கவும், மரத்தைச் செதுக்கவும் தெரிந்த பெசலெயேல். இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரியை மலையின்மேல் கண்டவன் மோசேதான் என்றாலும், அதைக் கைக்கு அகப்படும் பொருளாக ஆக்கும் பொறுப்பு இந்தக் கைவினைஞனுக்கும் அவனுடன் நின்ற அகோலியாபுக்கும் வந்து சேர்ந்தது.

கர்த்தர் இந்த ஈவைப் பக்திமான்களுக்கென்று பூட்டி வைக்கவுமில்லை. கின்னரக்காரருக்குத் தகப்பனான யூபாலும், இரும்பு வேலையில் முந்தினவனான தூபால்காயீனும் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்தில் வந்தவர்களே. நம் மலையில் தலைமுறை தலைமுறையாக இரும்படித்து, பானை வனைந்து, இசையும் வாசித்துவந்த கோத்தர்கள் நம் சபையார் அல்லர் என்பதற்காக, அவர்கள் கைத்திறன் வேறு யாரோ கொடுத்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நான் காலமெல்லாம் மலை ரயில் எஞ்சின் ஷெட்டில் பார்த்த வேலையைக் கொண்டே இதைச் சொல்கிறேன். 12 அடிக்கு ஓர் அடி உயரும் கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுள்ள இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு எதிரே மற்றதின் இடைவெளி இருக்கும்படி அவற்றைப் பதித்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்ததைப் பற்றிக்கொள்கிறது. சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் கண்ட ஏற்பாடு இது. 1899 முதல் குன்னூருக்கு ரயில் ஏறி வருவது இதை நம்பித்தான். இரும்பை உண்டாக்கினவர் அவரல்லர், பாரம் கீழே இழுக்கும் என்ற நியமத்தை வகுத்தவரும் அவரல்லர். ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்ததை உற்றுக் கவனித்து, அதற்கு இணங்கி ஒரு வழி கண்டார். இல்லாமையிலிருந்து உண்டாக்குவது தேவனுக்கு மட்டுமே உரியது. உள்ளதைப் பண்படுத்தவும் காக்கவும்தான் ஆதாமை ஏதேனில் வைத்தார். ரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பதும் அந்தக் காக்கும் வேலையே. ஜன்னலோரத்தில் பள்ளத்தாக்கைப் படமெடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

மைக்கேல் ஃபாரடேயை எடுத்துக்கொள். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், சிறியதொரு சபையில் மூப்பராகவும் இருந்தவர். 1831இல் அவர் கண்டறிந்த மின்தூண்டல் விதியின்படிதான், 1932 முதல் நம் மலையின் பைகாரா ஆற்றுத் தண்ணீர் மின்சாரமாகிறது. அவர் சபைக்குச் செய்ததை ஊழியம் என்றும், ஆய்வுக்கூடத்தில் செய்ததைப் பிழைப்பு என்றும் பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 31ஐ வாசித்தவள் 32ஐயும் வாசிக்க வேண்டும். ஜனங்களின் காதணிகளை வாங்கி, கருவிகொண்டு கன்றுக்குட்டி விக்கிரகத்தை உருவாக்கியதும் கைத்திறன்தான். பிற்பாடு கூடாரத்துக்கென்று ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்தவற்றிலும் காதணிகள் இருந்தன. ஆகையால் நீ வரையும் பாகம் யாருடைய கையில், எதற்காகப் போய்ச் சேருகிறது என்று கேட்கும் உரிமையை அலுவலகத்தில் விட்டுக்கொடுக்காதே. சம்பளம் கூடுதலாக வரும் இடத்தில் அதை இன்னும் உறுதியாகக் கேள்.

பெசலெயேலுக்குப் பிறருக்குப் போதிக்கும் வரமும் அருளப்பட்டதாக 35ஆம் அதிகாரம் சொல்லுகிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் உன்னிடம் சந்தேகம் கேட்டு வந்து நேரத்தை எடுக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாயே, அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா