ஒரே கம்பியில் இரண்டு நிறுவனங்கள் ஓடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குரல் ஒரு நிறுவனம், பிராட்பேண்ட் இன்னொரு நிறுவனம் என்று தொலைபேசிக் கம்பியைப் போட்டி நிறுவனத்துடன் பகிர்ந்தால் பேச்சுத் தரம் கெட்டுவிடும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. அந்தச் செம்புக் கம்பியில் குரலுக்குச் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண் போதும். ஏடிஎஸ்எல் என்ற தொலைபேசிக் கம்பிவழி பிராட்பேண்ட் அதற்கு மேலே, ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஸ்பிளிட்டர் டப்பா இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஒரு துளையில் போன், மறு துளையில் மோடம். நெட் ஓடும்போதே அம்மாவுடன் பேசுகிறேன், கொஞ்சம்கூட கரகரப்பு இல்லை.

சரி, சிக்கல் எங்கே? கம்பிகள் எல்லாம் போய்ச் சேரும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில்தான். போட்டி நிறுவனம் பல வீடுகளின் பிராட்பேண்ட் கம்பிகளை ஒன்றாக இணைக்கும் தன் டிஎஸ்லாம் கருவியை வைக்க அங்கே இடம், மின்சாரம், உள்ளே போய்ப் பழுது பார்க்க அனுமதி எல்லாம் வேண்டும். இதில் எதை இழுத்தடித்தாலும் பகிர்வு காகிதத்தோடு நின்றுவிடும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1999-ல் கொண்டுவந்த பகிர்வு விதியை அதுவே 2003-ல் கைவிட முடிவெடுத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வாடகையை மட்டுமல்ல, எத்தனை நாளில் இடம் தர வேண்டும் என்பதையும் ஒழுங்குமுறை ஆணையங்கள் எழுத்தில் வைக்க வேண்டும். தவறினால் அபராதமும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்