டிகாக்‌ஷன் இறங்கும் நேரமும் வேலை நேரமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்து, மொழிபெயர்ப்பு, ஓவியம், நூல் வடிவமைப்பு போன்ற பணிகளில் இருப்போர் காபிக்காக எழுந்து செல்வதை வீண் நேரமாகக் கணக்கிடும் போக்கு வருத்தமளிக்கிறது.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவன். பித்தளை ஃபில்டரின் மேலடுக்கில் சிக்கரி கலந்த தூளைப் போட்டு, லேசாக அழுத்தி, கொதிநீரை ஊற்றினால், டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். அதை அவசரப்படுத்த முடியாது. அந்த இடைவெளியில் கண் தாளைவிட்டு விலகுவதால்தான், திரும்பி வந்து உட்காரும்போது, பலமுறை வாசித்தும் பிடிபடாத ஒற்றுப்பிழை சட்டென்று தட்டுப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் காகிதக் கோப்பையில் நிரம்பும் காபி இந்த ஓய்வைத் தருவதில்லை.

தனியாக அருந்துவது ஒரு பகுதிதான்; கூடி அமர்ந்து பேசியபடி அருந்துவது மறுபகுதி. மத்திய அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த ஊழியர்கள், 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து இந்தியன் காபி ஹவுஸ்களை நடத்தத் தொடங்கினார்கள். கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் எழுத்தாளர்களும் திரைக்கலைஞர்களும் ஒரே கோப்பையுடன் மணிக்கணக்கில் விவாதித்தார்கள். சத்யஜித் ராயும் அங்கு அமர்ந்தவரே. சென்னையில் அத்தகைய மேசைகள் அருகி, நின்றபடியே குடித்துவிட்டு நகரும் கடைகள் பெருகிவிட்டன. இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

எனவே, பொது நூலக வளாகங்களில் மேசை, நாற்காலிகளுடன் குறைந்த விலைக் காபிக் கடைகளை அமைக்கவும், அங்கு அமர்வோரை விரைந்து எழுப்பாதிருக்கவும் அரசு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்,
மயிலாப்பூர், சென்னை.