மாவை மட்டும் விட்டுவிடாதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. தங்கச்சியையும் பிள்ளைகளையும் நான் விசாரித்ததாகச் சொல்.

நீ கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிதான் இந்தப் பத்து நாளும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மாவாட்டும் ஆள் நின்றுவிட்டார், கரண்ட் பில் ஏறிவிட்டது, இனிமேல் உன் டிபன் கடைக்குப் பாக்கெட் மாவு வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேலேயே, அங்கே சாதாரண ஜனங்கள் காலையில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் வேலைக்காகச் சீனாவில் வந்து சேர்ந்திருக்கிற இந்த வூகான், காலைச் சாப்பாட்டுக்கே பேர்போன ஊர். காலையில் சாப்பிடுவதற்கு இங்கே தனிச் சொல்லே இருக்கிறது. குவோசாவ் என்பார்கள். காலையைக் கடத்துவது என்று நம் மொழியில் சொல்லலாம். யாங்சி ஆறும் ஹான் ஆறும் சேருகிற இடம், அந்தக் காலத்திலிருந்தே படகுத்துறை. சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க ஏது நேரம்? தெருவிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் அப்படியே ஊரின் பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் ஆபீசுக்குப் போகிறவர்கள் காகிதக் கிண்ணத்தைக் கையில் பிடித்து, குச்சியால் நூடுல்ஸை அள்ளிச் சாப்பிட்டபடியே நடக்கிறார்கள்.

அந்தக் கிண்ணத்தில் இருப்பது ரகான்மியன். சூடான உலர் நூடுல்ஸ் என்று அர்த்தம். நம்மூர் தள்ளுவண்டியில் டியூஷன் முடிந்து நாம் சாப்பிட்ட சைனீஸ் நூடுல்ஸ் மாதிரி இல்லை. (கோபி மஞ்சூரியன் இங்கே யாருக்கும் தெரியாது. அது நம் நாட்டிலேயே பிறந்த பண்டம்.) இதில் குழம்பும் கிடையாது, வாணலியில் போட்டு வதக்குவதும் கிடையாது. நூடுல்ஸை முன்கூட்டியே முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்து எடுத்து, எண்ணெய் ஊற்றி, பெரிய மேசையில் பரப்பி, காற்றாடியைப் போட்டுக் கிளறிக் கிளறி ஆறவிடுகிறார்கள். இழை இழையாக நிற்கும். காலையில் ஆள் வந்து நின்றதும், கொதிக்கிற தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே எள் விழுது, சோயா சாஸ், முள்ளங்கி ஊறுகாய், புளிக்கவைத்த காராமணிக்காய், வெங்காயத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. விலை 6 யுவான், நம் காசில் எழுபது, எண்பது ரூபாய். மத்தியானம் வரைக்கும் பசிக்காது.

எல்லாம் அந்த எள் விழுதில்தான் இருக்கிறது. எள்ளை நன்றாக வறுத்து அரைப்பதால் வாசனை தெருமுனை வரை வரும். முதல் நாள் அந்த வாசனையில், இட்லிப்பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைக்கும் உன் அப்பாவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்கு நான் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். ரகான்மியனை வாங்கிய கையோடு கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுது இறுகிக் கட்டியாகிவிடும். கடைக்கார அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வந்து, என் கிண்ணத்தை வாங்கி, ஒரு கரண்டி வெந்நீர் விட்டுத் தானே கிளறிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு கடை கிடையாது.

அவரிடம் விற்பது இரண்டே பண்டம், மாப்ளே. ரகான்மியன் ஒன்று, மியன்வோ இன்னொன்று. இந்த மியன்வோவைப் பற்றி உனக்கு எழுதத்தான் பேனாவையே எடுத்தேன். அரிசியையும் சோயாவையும் ஊறவைத்து, தவலை வடைக்கு மாதிரி அரிசி தூக்கலாக அரைத்து, உப்பு, இஞ்சி, வெங்காயத்தாள் சேர்க்கிறார். நடுவில் மேடு வைத்த ஓர் இரும்புக் கரண்டி இருக்கிறது. அதை எண்ணெயில் முக்கிச் சூடேற்றி, மாவை ஊற்றி, நடுவில் மட்டும் மெல்லிசாக வழித்துவிட்டு, கரண்டியோடு எண்ணெயில் இறக்குகிறார். மாவு தானே கழன்று மிதக்கிறது. ஓரம் தடியாக, மெத்தென்று. நடுவில் அப்பளம் மாதிரி மொறுமொறுப்பு. 2 யுவான். நம் உளுந்தவடையின் சொந்தக்காரன் ஒருவன் ஆற்றங்கரையில் வேறு பெயரில் குடியிருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோபி என்று ஒன்று: பச்சைப்பயறும் அரிசியும் அரைத்த மாவைப் பெசரட்டு போலக் கல்லில் இழுத்து, முட்டை பூசித் திருப்பி, வெந்த பசையரிசிச் சோறும் கறித்துண்டும் காளானும் வைத்து மடித்து, சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுப்பார்கள். 1958-இல் சீனத் தலைவர் மாவோ இந்த ஊருக்கு வந்தபோது ஒரு கடையில் இதைச் சாப்பிட்டதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்புறம் தன்ஜியூ. புளித்த அரிசியின் இனிப்பு நீரைக் கொதிக்கவைத்து அடித்த முட்டையில் ஊற்றித் தருவது. நீராகாரத்தில் சர்க்கரை போட்ட மாதிரி வாசம். குளிர்காலத்தில் அதற்கு ஈடு கிடையாது.

2020-இல் ஜனவரி 23 முதல் ஏப்ரல் 8 வரை இந்த ஊர் பூட்டிக்கிடந்ததே, அந்த நாட்களைப் பற்றி என்னோடு வேலை பார்க்கிறவரிடம் ஒருமுறை கேட்டேன். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் காலையில் தெருவில் நின்று சாப்பிடும் அந்தக் கிண்ணத்துக்காக ஏங்கினோம் என்றார். கடை திறந்த அன்று வாங்கிய முதல் கிண்ணத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அக்காவும் நூடுல்ஸைத் தானே செய்வதில்லை. இங்கே பெரும்பாலான கடைகளைப் போல அவரும் பட்டறையிலிருந்து வரவழைக்கிறார். ஆனால் எள் விழுதைக் குழைப்பதும், மியன்வோவுக்கு அரைப்பதும் அவர் கைதான். அவற்றை வேறு யாரிடமும் விடமாட்டார். பத்து மணிக்குக் கடையைக் கட்டிவிடுகிறார்.

உன் பலகையில் எத்தனை அயிட்டம் எழுதியிருக்கிறாய் என்று எண்ணிப்பார். பூரி, பொங்கல், மூன்று விதத் தோசை, சப்பாத்தி, கிச்சடி. அதில் பாதியை எடுத்துவிட்டால் ஓர் ஆள் வேலை மிச்சம், கேஸ் மிச்சம். ஜனங்கள் உன் கடைக்கு வருவது சப்பாத்திக்காக இல்லை. அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பாயே, அந்தப் பதத்துக்காக வருகிறார்கள். பாக்கெட் மாவில் நீ அதைப் பார்க்க முடியாது. இட்லி, தோசை, வடை என்று மூன்றோடு நிறுத்திப் பார். மூன்று மாதம் போதும். கிரைண்டருக்குப் புதுக்கல் போட வேண்டியிருந்தால் தயங்காமல் எழுது, நான் அனுப்புகிறேன். கடன் என்று நினைக்காதே. உங்கள் வீட்டில் நான் கணக்கில்லாமல் சாப்பிட்டவன்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். மியன்வோ கரண்டி ஒன்றைப் பாத்திரக் கடையில் தேடி வாங்கி, இப்போதே பெட்டியில் வைத்துவிட்டேன். சோயா நம்மூரிலேயே கிடைக்கும். நான் வருகிற அன்று காலை மாவை நீ ஆட்டி வை, எண்ணெய்ச் சட்டி பக்கம் நான் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே