லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றும் உங்கள் சேவை குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: இன்வெர்ட்டர் ஏசியில் கேஸ் கசிவு, சரிசெய்யாமலே புகாரை மூடியது, கால் சென்டரில் அவமரியாதை – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கால் சென்டரில் பேசிப் பேசி ஓய்ந்துபோய் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் போனை எடுக்கிறார். நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் கொடுத்தால் ஒருவராவது முழுதாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் படுக்கையறையில் இருப்பது உங்கள் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடுவது. மாடல், வரிசை எண் எல்லாம் உங்கள் பதிவில் இருக்கின்றன. கரன்ட் மிச்சமாகும் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து இன்வெர்ட்டர் வாங்கினோம். மாட்டிய சில வாரங்களில் குளிர் குறைந்தது, பில் ஏறியது. உங்கள் டெக்னீஷியன் வந்தார், கேஸ் கம்மி என்றார், ஏற்றினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மறுபடி குளிர் குறைந்தது. வேறொருவர் வந்தார். அவரும் கேஸ் கம்மி என்றார். இன்றுவரை இதே கதைதான்.

கேஸ் ஏன் கம்மியாகிறது என்று வந்தவர்களில் ஒருவர்கூடத் தேடவில்லை. ஏசி கேஸ் என்பது வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி அதே கேஸ்தான் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று மட்டுமே பொருள். மெஷினைச் செய்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, “கேஸ் வாரன்டியில் வராது” என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் பணம் வாங்கியது எந்த நியாயம்? கேஸ் வாரன்டியில் வராமல் இருக்கலாம். உங்கள் ஆள் சரியாகப் போடாத இணைப்பும் வாரன்டியில் வராதா?

இதைத்தான் கால் சென்டரில் கேட்டேன். மேலதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் லைனுக்கு வந்தார். லீக் டெஸ்ட் செய்தீர்களா, குழாயில் அழுத்தமாக நைட்ரஜன் அடித்துக் கசிகிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. “டெக்னிக்கல் விஷயம் மேடம். வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க” என்றார். ஏசி என் பெயரில் வாங்கியது. பில் என் பெயரில் இருக்கிறது. புகார் கொடுத்ததும் நான்தான். அதைச் சொன்னதற்கு, “ஏசி ஓட்டினா பில் வரத்தான் செய்யும் மேடம், பில்லுக்கு பயந்தா ஃபேன் போட்டுப் படுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உங்கள் நிறுவனம் பதிவுசெய்யும் அழைப்புதான் அது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

பில்லுக்குப் பயந்து பேசவில்லை நான். இந்த வீட்டில் கரன்ட் வீணாகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அவ்வளவும் செய்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறோம். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே மறைப்பு போட்டிருக்கிறோம், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரைச்சீலை போட்டுப் பெரிதாகப் பயனில்லை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறோம். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே கழற்றிக் கழுவுகிறேன். வெப்பநிலை 24 டிகிரி, ஃபேனும் கூடவே ஓடும். இதற்கு மேல் ஒரு வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? இத்தனைக்குப் பிறகும், “ரூம்ல எங்கயாவது கேப் இருக்கும் மேடம், குளிர் வெளிய போகுது” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அறைக்குள் கால் வைக்காமலே!

இன்வெர்ட்டரின் பயனே, அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடுவதுதானே? கேஸ் குறைந்தால் அறை குறித்த வெப்பநிலைக்கு வருவதே இல்லை. அதனால் வேகமும் குறைவதில்லை. எங்கள் வீட்டில் விடிய விடிய ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. இன்வெர்ட்டருக்குக் கொடுத்த கூடுதல் பணம் முழுக்க வீண். இதுவரை கேஸுக்கும் கரன்ட்டுக்கும் போன காசில் இன்னொரு ஏசியே வாங்கியிருக்கலாம். என் மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. இந்தக் கோடை முழுக்க அவர்கள் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. அவர்கள் உடம்பு இந்த அளவுக்குக் கெட்டதற்கு உங்கள் அலட்சியம்தான் காரணம் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கசிவு எங்கே என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன். அவுட்டோர் யூனிட் மாடியில் இருக்கிறது. தடித்த குழாயின் விரிந்த வாயை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றிவரும் என்பதால் கசியும் இடத்தில் அது வெளியே தெரியும். இதை டெக்னீஷியனிடம் காட்டினேன். “அது பழைய அழுக்கு மேடம்” என்று துணியால் துடைத்துவிட்டு மறுபடி கேஸ் சிலிண்டரைத் திறந்தார். அவர் போன சில நாட்களில் பிசுக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது. சரி என்று மெயின் ஸ்விட்சை அணைத்து, மெஷின் நன்றாக நின்ற பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தடவினேன். ஓடும்போது தடித்த குழாயில் அழுத்தம் குறைவு. நிறுத்தினால்தான் இரண்டு பக்கமும் சமமாகி அழுத்தம் ஏறும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நட்டின் கீழ் விளிம்பில் சின்னதாக ஒரு குமிழ் எழும்பி, மெல்லப் பெரிதாகி, உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது வந்தது. வீடியோ இணைத்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் தெரிகிற கசிவு உங்கள் பயிற்சி பெற்ற ஆட்கள் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

மாட்டிய அன்றே நடந்த தவறு இது என்பது என் உறுதியான கருத்து. மாட்ட வந்தவரிடம் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இல்லை. வால்வைக் கொஞ்சம் திறந்து, மெஷினில் இருந்த கேஸையே விட்டுக் குழாயில் இருந்த காற்றைத் தள்ளினார். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வேலை முடிந்தது என்றார். பம்ப் வைத்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்திருந்தால் இந்தக் கசிவு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஃப்ளேர் நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல், கைப்பலத்தைக் காட்டி முறுக்கினார். அளவுக்கு மீறி முறுக்கினால் செம்பின் விரிந்த வாய் மெலிந்து விரிசல் விடும். காற்றோடு உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், அது கம்ப்ரஸரையே அரிக்கும். கம்ப்ரஸரின் பாதி ஆயுளை அன்றைக்கே முடித்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேஸ் ஏற்ற வந்தவர்களிடம் எடைத் தராசும் இல்லை. எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று அவுட்டோர் யூனிட்டின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமல் கேஜ் முள்ளைப் பார்த்தே ஏற்றினார்கள். கம்ப்ரஸர் வேகம் மாற மாற அழுத்தமும் மாறும் மெஷினில் முள்ளை நம்பி எப்படி ஏற்ற முடியும்? அப்புறம், கசிந்தது எல்லாம் எங்கே போகிறது? ஆர்-32 புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 675 மடங்கு வலியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்பந்தமே செய்தன. உங்கள் அட்டைப்பெட்டியில் பச்சை இலைப் படம் இருக்கிறது. என் வீட்டு மாடியில் சிலிண்டர் சிலிண்டராகக் காற்றில் விட்டதற்கு யார் பொறுப்பு?

“வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க” என்றவரை என்னால் மறக்க முடியவில்லை. அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. அன்று மாலையே புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. வேலை தொடங்கும் முன்பே புகாரை மூடுவதற்கான ஓடிபியைக் கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் தங்களுக்குச் சம்பளம் வராது என்று கெஞ்சுகிறார்கள். மாடி ஏறி வெயிலில் வேலை செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தராசும் பம்பும் கொடுக்காமல் அவர்களை அனுப்புவது நீங்கள். வேலை முடியும் முன்பே ஓடிபி வாங்கச் சொல்வதும் நீங்கள்தான்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கேஸ் முழுவதையும் முறையாக மீட்டெடுத்துவிட்டு, ஃப்ளேர் இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டு, நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவில்லை என்று எனக்குக் காட்டி, வேக்குவம் செய்து, எடை போட்டுக் கேஸ் நிரப்பித் தாருங்கள். இதுவரை கேஸுக்கு வாங்கிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். கம்ப்ரஸருக்கான வாரன்டியைப் பழுது நீக்கிய நாளிலிருந்து புதிதாகக் கணக்கிட்டு எழுத்தில் தர வேண்டும். என்னிடம் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த கடைசி விஷயத்தில் சமரசம் கிடையாது.

பத்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ரசீதுகள், வீடியோ, நீங்கள் அனுப்பிய ‘தீர்க்கப்பட்டது’ குறுஞ்செய்திகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. அதற்கு அவசியம் வராமல் முடித்துவைப்பீர்கள் என்றே இன்னும் எதிர்பார்க்கிறேன். டெக்னீஷியன் எந்த நாளும் காலையில் வரலாம், நான் வீட்டில் இருப்பேன். வேக்குவம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், தராசு மூன்றும் கொண்டுவர வேண்டும். மெஷின் ஓடி அறை குளிர்ந்த பிறகுதான் ஓடிபி சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சோப்புச் சோதனை வீடியோ, கேஸ் ஏற்றிய ரசீதுகள், குறுஞ்செய்திகளின் நகல்.